‘பசிக்கலை ஆயா!’



வயதுக்கு வந்த பெண் பிள்ளை சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று சகோதரிகள் அடிக்கடி புலம்புவதைக் கேட்கிறேன். “ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வருவா” என்று அதற்கு ஒரு யோசனையும் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாப் பிள்ளையும் தானாக வராது. பட்டினி போட்டால் ‘அப்பாடா’ என்று நிம்மதி அடைகிற பிள்ளையும் உண்டு. அப்படி ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “எழுதுங்க சித்தி, ஆனா என் வெயிட்டை மட்டும் போடாதீங்க” என்றாள். அதனால் எத்தனை கிலோ குறைந்தாள், எத்தனை ஏறினாள் என்ற கணக்கு இதில் இருக்காது.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். மாமியார், மூத்தார், ஓரகத்தி, நாங்கள், பிள்ளைகள் என்று எல்லாருக்கும் ஒரே அடுப்பு. தக்காளியும் ராகியும் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நான் சொல்வது மூத்தார் மகளைப் பற்றி.

ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து உறவுக்காரம்மா ஒருவர், “என்னடி, அம்மிக்கல்லாட்டம் ஆயிட்ட? உங்கப்பன் இப்பவே மாப்பிள்ளை தேட ஆரம்பிக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தது. அந்த ஒரு பேச்சால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இதைவிட மோசமான பேச்சைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் அன்றைக்கு இலையில் வைத்த ஒப்பட்டைத் தொடாமல் மூடிவிட்டு எழுந்துபோனாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் சனிக்கிழமை பெருமாள் விரதம் என்றாள். அப்புறம் செவ்வாய், வெள்ளி. அப்புறம் கிருத்திகை, சஷ்டி. மாமியாருக்கு ஒரே பெருமை. “இந்தக் காலத்துப் புள்ளைங்க எதுக்கு இவ்வளவு பக்தி இருக்கும்?” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விரதம் இருக்கிற பெண்ணை நம் வீடுகளில் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? விரதம் இல்லாத நாளிலும் சோறு குறைந்தது. எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம் என்றாள். தட்டு வைத்தால் “பசிக்கலை ஆயா” என்பாள். நான் கேட்டால் “வயிறு உப்பிக்கிட்டு இருக்கு சித்தி” என்பாள். அதே பிள்ளை அடுப்படியில் நின்று தம்பிகளுக்கு விதவிதமாகத் தோசை சுட்டுப் போடுவாள். செல்போனில் ராத்திரி வரை சமையல் நிகழ்ச்சி பார்ப்பாள். செய்ததில் ஒரு வாய் போடமாட்டாள். வட்டிலில் போட்ட களி எங்கே மறைகிறது என்று பார்த்தால், எங்கள் வீட்டு நாய் மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது!

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. ஆனால் கையிலும் முதுகிலும் பூனைமுடி போல மெல்லிசாக ரோமம் வளர்ந்தது. ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள், மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். படிப்பில் மட்டும் குறையே இல்லை, முதல் ரேங்க். அதனால் பள்ளிக்கூடத்திலும் எதுவும் சொல்லவில்லை.

வயிறு உப்புசம் என்று சொன்னதால் முதலில் கேஸ் மாத்திரை, அப்புறம் பூச்சி மருந்து, அப்புறம் பசியெடுக்க டானிக். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995-ம் வருஷம் இப்படிப்பட்ட 5 இளம் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாப்பிட மறுப்பது, வாந்தி, உடம்பு இளைத்துப் போவது, மாதவிலக்கு நிற்பது எல்லாம் அந்தப் பெண்களுக்கு இருந்ததாம். ஆனால் மேல்நாட்டுப் பெண்களைப் போல ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்ற எண்ணம் அவர்களிடம் வெளியே தெரியவில்லையாம். நம் பெண்கள் பல பேர் வாயைத் திறந்து ‘குண்டாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. வயிறு சரியில்லை, பசி இல்லை, இறங்கமாட்டேன் என்கிறது என்றுதான் சொல்கிறார்கள். நாமும் வயிற்றுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து நடந்ததை எழுதவே கூசுகிறது. ஆனால் இதைப் படிக்கும் ஏதாவது ஒரு வீட்டில் இதேபோல நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். பிள்ளை மூன்று மாதமாகக் குளிக்கவில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்தது. உடம்பில் கொழுப்பு குறைந்துபோனால் மாதவிலக்கு நின்றுவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் புத்தி வேறு எங்கோ போனது. உறவில் ஒரு பெரியவர் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். என்ன கேட்டார் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து பதினைந்து நாள் யாரோடும் பேசவில்லை. காற்று கறுப்பு பட்டிருக்கும் என்று ஒரு இடத்தில் மந்திரித்துத் தாயத்தும் கட்டினார்கள். தாயத்து முழங்கைக்கு மேல் நிற்காமல் மணிக்கட்டுக்கு நழுவி விழுந்தது.

அதைப் பார்த்துத்தான் என் ஓரகத்தி பேசினார். எதற்கும் வாய் திறக்காதவர் அன்றைக்குப் புருஷனிடம், “நீங்க வர்றீங்களா இல்லையா, நானும் தங்கச்சியும் கூட்டிட்டுப் போறோம்” என்றார். சேலத்தில் ஒரு மனநல டாக்டர். “மனநலமா? பைத்தியம்னு பேரு வந்தா புள்ளையை யார் கட்டுவான்?” என்று வீட்டில் ஒரே சத்தம். போனோம். டாக்டரம்மா முதலில் நாடி பார்த்தார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார், இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நாடித் துடிப்பு ரொம்பக் குறைந்திருந்தது. “இது அடம் இல்லைம்மா, வியாதி. இப்ப இதயத்துக்கே ஆபத்து” என்று அன்றைக்கே அட்மிட் செய்யச் சொன்னார்.

வியாதியின் பெயர் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’. புதிதாக வந்த நாகரிக நோய் என்று நான் நினைத்தேன். 1873-லேயே லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் இந்தப் பெயரை வைத்துவிட்டார். அதே வருஷம் பிரான்சில் லாசேக் என்ற மருத்துவரும் இதை விவரித்திருக்கிறார். வீட்டாருக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே இரண்டு, கெஞ்சுவது, இல்லாவிட்டால் மிரட்டுவது என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறாராம். 150 வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் இருந்தவருக்கு எங்கள் வீட்டுக் கதை எப்படித் தெரிந்தது என்று நானும் ஓரகத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த நோயில் பாடகிகளும் இளவரசிகளும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-ல் 32 வயதில் இதனால் இதயம் கெட்டு இறந்துபோனார். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற ‘புலிமியா’ என்ற இன்னொரு வகை தனக்கு இருந்ததாக இளவரசி டயானா 1995-ல் டி.வி. பேட்டியிலேயே சொன்னார். அந்த வகையில் பிள்ளை இளைக்காமலே கூட இருக்கும், அதனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள், பல் கூசுகிறது என்கிறாள், கன்னம் இரண்டும் வீங்கினாற்போல் இருக்கிறது என்றால் கொஞ்சம் கவனியுங்கள். வாந்தியில் பொட்டாசியம் என்ற உப்பு வெளியேறிப்போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடுமாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வில்லியம் கல் காலத்து வைத்தியர்கள், இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்கள்தான் ரொம்ப மோசமான ஆள்கள், பிரித்து வைக்கவேண்டும் என்று நினைத்தார்கள். நூறு வருஷம் கழித்து, 1980-களில், அதே லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். 19 வயதுக்குள் நோய் ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகாத பிள்ளைகளுக்கு, தனியாக வைத்துப் பேசுவதைவிடக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு செய்த வைத்தியம்தான் நன்றாக வேலை செய்தது என்று 1987-ல் எழுதினார்கள். பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. பிள்ளைக்கு ஜுரம் வந்தால் மருந்து கொடுப்பதுபோல, வேளா வேளைக்குச் சோறு கொடுக்கும் பொறுப்பைக் குடும்பமே எடுத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரம்மா இதைச் சொன்னபோது, கூட்டுக் குடும்பத்துக்கு இது சுலபமாயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது. பெரிய குடும்பத்தில் என்ன கஷ்டம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஊட்டும்போது இன்னொருவர் வாசலில் இருந்து “இன்னுமா தின்னு முடிக்கலை?” என்பார். ஒரு வார்த்தை போதும், அரை மணி நேர உழைப்பு வீண்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரத்தை ஏற்றினார்கள். சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். நாள் கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு, பாசத்தில் ஒரேயடியாக விருந்து போட்டால் ரத்தத்தில் உப்புகள் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். எப்படி ஏற்றுவது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது சட்டம் போட்டார். மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வேளைப் பலகாரம். யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து, தானும் சாப்பிடவேண்டும். திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது. ‘கன்னம் வச்சிருக்கு, நல்லாத் தெளிஞ்சுட்ட’ என்று புகழவும் கூடாது, அந்தப் பிள்ளை காதில் அது ‘குண்டாயிட்ட’ என்று விழுமாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாக விடக்கூடாது. எடை பார்ப்பது வாரம் ஒரு முறை டாக்டர் முன்னால் மட்டும்.

“ஏன் சாப்பிட மாட்டேங்கறான்னு முதல்ல அவ மனசைப் பேசித் தீர்க்க வேண்டாமா?” என்று நான் கேட்டேன். அதற்கு டாக்டரம்மா ஒரு கதை சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம், 1944-45-ல், அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்தில் திடமான ஆண்கள் 36 பேரை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரை வயிறாக வைத்துப் பார்த்தார்களாம். எந்த மனக்கஷ்டமும் இல்லாத அந்த ஆம்பளைகள் எப்போது பார்த்தாலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள். பட்டினியே மனசை மாற்றிவிடும் என்பதற்கு இதுதான் சாட்சி. முதலில் சோறு, அப்புறம்தான் பேச்சு. எங்கள் பாப்பா விடிய விடியச் சமையல் நிகழ்ச்சி பார்த்ததற்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் கிடைத்தது.

மாமியார்தான் வழிக்கு வரவில்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. “சோறு இல்லாம அழுதோம் நாங்க. சோத்தை வச்சிக்கிட்டு அழுவுது இது” என்பார். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பஞ்ச காலத்தில் கீரையும் காட்டுக் கிழங்கும் தின்று வளர்ந்தவர். பெண் பிள்ளை பிறந்தால் வீட்டில் விளக்குக்கூட மங்கலாக எரிந்த மாவட்டம் இது. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் எங்கள் தருமபுரிக்கும் கொண்டு வரவேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவருக்கு, ஆசை ஆசையாய் வளர்த்த பேத்தி தட்டைத் தள்ளிவிடுவது கன்னத்தில் அறைந்த மாதிரி.

டாக்டரம்மா அவரையும் ஒரு நாள் வரச் சொன்னார். நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “பாட்டி, வீட்டுல நீங்க எப்ப சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

“நானா? எல்லாரும் தின்ன பொறவுதான். மிச்சம் மீதி இருந்தா.”

“உங்க மருமகள்ங்க?”

“அவளுங்களும் அப்படித்தான். ஆம்பளைங்க, புள்ளைங்க தின்ன பொறவு.”

“பேத்தி நீங்க யாராவது உட்கார்ந்து நல்லா சாப்பிட்டுப் பார்த்திருக்காளா?”

மாமியார் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. “ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு பாட்டி. பேத்தி எதிர்ல உட்கார்ந்து, அவ சாப்பிடறதையே நீங்களும் சாப்பிடுங்க. சாப்பாட்டைப் பத்தி மட்டும் பேசாதீங்க” என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார்.

மகன்கள் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டு வைத்துக்கொண்டு உட்கார அவர் பட்ட பாடு! முதல் வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். மூத்தார் உள்ளே வந்தால் சட்டென்று எழுந்துவிடுவார். கடைசியில் மூத்தாரே தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்து, “உக்காரும்மா” என்று சொல்லவேண்டி வந்தது. சில நாள் ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் தட்டு பறந்தது. மாமியாரின் வாய் துடிக்கும், ஆனால் பேசமாட்டார். சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாதே, வேறு என்ன பேசுவது? தீர்த்தமலைத் திருவிழாவுக்கு நடந்தே போனது, மாடு தொலைந்தது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த மஞ்சள் சோள மாவு உப்புமாவுக்காகவே மூன்றாவது வரை போனது என்று பழங்கதையாக எடுத்துவிடுவார்.

அப்படி ஒரு ராத்திரி சொன்னார். பஞ்சத்தில் அவருடைய அம்மா ஒரு களி உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி ஐந்து பிள்ளைகளுக்கும் வைப்பாராம். “நீ தின்னும்மா”ன்னு கேட்டா, “எனக்குப் பசிக்கலை”ன்னுதான் எங்கம்மா எப்பவும் சொல்லும், என்றார். பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். “நிஜமாவே பசிக்காதா ஆயா?” என்று கேட்டாள். “பசிக்காம என்ன கண்ணு, பசிக்கும்” என்றார் மாமியார். அன்றைக்கும் அவள் தட்டைக் காலி செய்யவில்லை, பாதிதான். ஆனால் “எனக்கும் பசிக்குது ஆயா. பசிச்சா பயமா இருக்கு” என்று முதல் முறையாகச் சொன்னது அன்றைக்குத்தான். அடுப்படியில் நின்ற ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இது பணக்கார வீட்டு நோய், நமக்கெல்லாம் வராது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் கேட்டு 1995-லேயே வெளியிட்ட ஆய்வில், முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும் சாப்பாடு, உடம்பு பற்றிய தொல்லை 31 பேருக்கு இருந்திருக்கிறது. பிஜித் தீவில் இன்னும் வேடிக்கை. அங்கே உள்ள பூர்வகுடி மக்களுக்குத் திடமான உடம்புதான் அழகு, யாராவது இளைத்தால் ஊரே கவலைப்படும். நம் பாட்டிமார் மாதிரியேதான். 1995-ல் ஒரு பகுதிக்கு டெலிவிஷன் வந்தது. அப்போது இளைப்பதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்ன பள்ளிப் பெண் ஒருத்திகூட இல்லை. 1998-ல் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் எடுத்ததாகச் சொன்னார்கள். மூன்றே வருஷம்! ஒரு டெலிவிஷனுக்கே இந்தக் கதி என்றால், இன்றைக்கு நம் பிள்ளைகள் ஒவ்வொருத்தி கையிலும் செல்போன் இருக்கிறது.

அதற்காக ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் என்று பயப்படவேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை இருப்பதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. நம் பக்கத்தில் பிள்ளை சோர்ந்து கிடந்தால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள், தைராய்டு, சர்க்கரை, காசநோய் இல்லையா என்று பாருங்கள். சாப்பாடு கிடைத்தும், ஒளித்து வைத்து, ஏமாற்றி, உடம்பு கரையக் கரைய நிம்மதியாக இருக்கிற பிள்ளைதான் வேறு. ஆண் பிள்ளைகளுக்கும் வருமாம்.

இரண்டு வருஷம் ஆகிறது. போன ஆடியில் பிள்ளை மறுபடி குளித்தாள். பிளஸ் ஒன் பரீட்சை சமயத்தில் மறுபடியும் ‘பசிக்கலை’ ஆரம்பித்தது. இந்த முறை ஒரு வாரத்திலேயே பிடித்துவிட்டோம். மாதம் ஒரு முறை சேலத்துக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். விரதத்துக்கு மாமியார் தடை போட்டுவிட்டார். “உன் பங்கையும் நானே இருக்கேன், பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்று சொல்லிவிட்டார். கல்யாண வீடுகளில் யாராவது பிள்ளையின் உடம்பைப் பற்றி வாயெடுத்தால், அவர் பார்க்கிற பார்வையில் எதிராளிக்குப் பேச்சு வராது.

டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ‘டெலி மானஸ்’ என்று 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த மனநல உதவி, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 104-க்கும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பெங்களூர் நிம்ஹான்ஸும் நமக்குப் பக்கம்தான். பிள்ளைக்கு மயக்கம் வந்தாலோ, படபடப்பு வந்தாலோ, தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்றாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது பாட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.